குதிரை நிற்கும் இடத்தில் முட்கம்பி வேண்டாம்

பட்டியும் படலையும்: வாசகர் கேள்வி, பதில்

இந்த மாதமும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாட்டைப் பற்றியவை. ஒட்டுசுட்டானிலிருந்து வந்த ஒன்று மட்டும் குதிரையைப் பற்றியது. அதற்கு உடனே பதில் எழுதாவிட்டால் ஒரு வாயில்லாச் சீவன் காயப்பட்டுவிடும் என்று பட்டது. அதனால் அதை முன்னுக்கு எடுத்திருக்கிறேன். வேலியோடு சேர்ந்த வேறு சில கேள்விகளையும் பின்னால் வைத்திருக்கிறேன். கன்றுக் கழிச்சல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். அப்பாவின் மூன்று ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. நுவரெலியாவில் சவாரிக்கு நின்ற இரண்டு மட்டக்குதிரைகளுக்கு முற்பணம் கொடுத்திருக்கிறேன். காணியைச் சுற்றிக் கொங்கிறீட் தூணும் ஐந்து வரி முட்கம்பியும் உண்டு. "மாடு நிக்கிற வேலியில குதிரை நிக்காதோ?" என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்கு மரவேலி போடத்தான் விருப்பம். எந்த மரம், எவ்வளவு உயரம், எத்தனை பலகை என்று சொல்வீர்களா?
(வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: தம்பி, உங்கள் விருப்பம்தான் சரி. ஊரில் கேட்பவர்கள் மாட்டை அறிந்தவர்கள், குதிரையை அறியாதவர்கள். நானும் ஒரு காலம் அப்படித்தான் இருந்தேன்.

கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பார்த்ததெல்லாம் மாடு, எருமை, ஆடு, கோழி. ஓய்வு பெற்ற பிறகு முள்ளியவளைப் பக்கம் உறவினர் ஒருவர் ஒரு பெண் குதிரை கொண்டுவந்தார். வேலி போதுமா என்று என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். இறுக்கமாக இழுத்த புது முட்கம்பி. நான் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "நாம்பன் மாடே தாண்டாது, இது காணும்" என்று சொன்னேன். ஐப்பசி பிறந்து இரண்டாம் கிழமை, பின்னேரம் ஒரு பெரிய இடி. மிரண்டு ஓடிய குதிரை கம்பியைக் காணவே இல்லை. முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தோல் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து தொங்கியது. வைத்தியர் வந்து ஏற்புவலித் தடுப்பு ஊசியும் போட்டுத் தைத்தார். குதிரையின் கீழ்க்காலில் சதை இல்லை. தோலும் நரம்பும் எலும்பும்தான். தையல் நிற்காமல் பிய்ந்தது. புண்ணுக்குள் மேல்சதை வளர்ந்தது. ஆற நான்கு மாதம் சென்றது. கால் கடைசிவரை நேராகவில்லை. அந்த வேலிக்குக் "காணும்" என்று சொன்ன வாய் என்னுடையது. இந்தப் பதிலை நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

மாடு வேலியை மெல்ல வந்து முட்டிப் பார்க்கும். குத்தினால் பின்வாங்கும். குதிரை பயந்தால் முதலில் ஓடும், பிறகுதான் பார்க்கும். அதன் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறத்தாழ முழு வட்டமும் தெரியும். ஆனாலும் மூக்குக்கு நேர் முன்னே கொஞ்ச இடமும் வாலுக்கு நேர் பின்னேயும் தெரியாது. மெல்லிய கம்பி அதன் கண்ணுக்குப் பிடிபடுவது கடினம். அகலமான பலகை அப்படியல்ல. இங்கே ஒரு தடுப்பு இருக்கிறது என்று தூரத்திலேயே தெரியும். நெடுந்தீவுக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், அங்கே வீட்டு வேலிகளே பவளக்கல்லை அடுக்கிக் கட்டியவை. அந்தத் தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளுக்கு அதைவிடத் தெளிவாகத் தெரியக்கூடிய வேலி இல்லை. வன்னியில் நமக்குக் கல் அப்படிக் கிடைக்காது. பலகைதான் வழி.

வெளியே இருக்கும் கொங்கிறீட் தூணையும் கம்பியையும் பிடுங்க வேண்டாம். ஊர் மாடு உள்ளே வராமல் அது காக்கட்டும். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உள்ளே தள்ளி, ஒரு ஏக்கரை மட்டும் மரவேலியால் அடையுங்கள். இரண்டுக்கும் இடையே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓடுகிற அளவு பாதை இருந்தால் புல் வெட்டவும் வேலி பார்க்கவும் சுகம். மூன்று ஏக்கரையும் ஒரேயடியாக மரத்தால் அடைக்க நினைத்தால் காசு பாதியில் முடிந்து, மிச்சத்துக்குக் கம்பி என்று ஆகிவிடும். அப்படி முடிந்த வேலிகளைக் கண்டிருக்கிறேன்.

கணக்கைச் சொல்கிறேன், தச்சரிடம் போகும்போது கையில் இருக்கட்டும். சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. எட்டு அடிக்கு ஒரு தூண் என்றால் 105 தூண் வரும். மூன்று வரிப் பலகைக்கு 2,500 அடி ஓட்டம். சேதாரம், படலை எல்லாம் அதற்கு மேல்.

உயரம் மட்டக்குதிரைக்கு நாலரை அடி. பெரிய சாதிக் குதிரை என்றால் ஐந்து அடி சொல்லியிருப்பேன். நாலரை அடி என்பது 54 அங்குலம். நிலத்திலிருந்து 12 அங்குலம் வெளி, 6 அங்குலப் பலகை, திரும்ப 12 வெளி, 6 பலகை, 12 வெளி, 6 பலகை. கூட்டிப் பாருங்கள், 54 சரியாக வரும். "ஒரு அடி வெளி, அரை அடி பலகை" என்று தச்சருக்குச் சொன்னால் போதும். குட்டி பிறக்கும் எண்ணம் இருந்தால் நான்கு வரி போட்டு வெளியை ஏழெட்டு அங்குலமாகக் குறையுங்கள். குட்டி படுத்துப் புரளும்போது கீழ் வெளியால் மறுபக்கம் போய்விடும். தாய் இங்காலே, குட்டி அங்காலே என்றால் தாய் வேலியை உடைக்கத்தான் பார்க்கும்.

பலகை ஒன்றரை அங்குலத் தடிப்பாவது இருக்க வேண்டும். இதைக் குறைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இன்னொன்று: பலகையைத் தூணின் உட்பக்கம், குதிரை நிற்கும் பக்கம் அடிக்க வேண்டும். நம் ஆட்கள் ரோட்டால் போகிறவருக்கு வடிவாகத் தெரிய வேண்டும் என்று வெளிப்பக்கம் அடிப்பார்கள். குதிரை வேலியில் சாயும், குண்டியை வைத்துத் தேய்க்கும். வெளிப்பக்கம் அடித்தால் ஒவ்வொரு சாய்வுக்கும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். உட்பக்கம் அடித்தால் சாய்கிற பாரம் முழுவதையும் தூண் வாங்கும். ஓடிவரும் குதிரையின் தோள்பட்டை தூணில் இடிபடாமல் பலகையோடு வழுக்கிப் போகவும் அதுவே நல்லது. பலகைப் பொருத்துகள் மூன்றும் ஒரே தூணில் வரவிடாமல் மாற்றி மாற்றி வையுங்கள். ஆணித்தலை வெளியே நிற்கக் கூடாது. வேலை முடிந்ததும் உள்ளங்கையால் பலகை முழுவதையும் தடவிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். உங்கள் கையில் குத்துகிற எதுவும் குதிரையின் கண்ணிலும் குத்தும்.

மூலைகளை வளைத்து விடுங்கள். இரண்டு குதிரை என்றால் ஒன்று பெரியாள், மற்றது அடங்கிப் போகிறது. பெரியாள் துரத்தினால் மற்றது மூலைக்குள் அகப்பட்டு உதை வாங்கும். நான்கைந்து தூணைச் சற்று நெருக்கி நட்டு வளைத்துவிட்டால் ஓடுகிற குதிரை ஓட்டத்திலேயே திரும்பிவிடும்.

இனி மரம். தூணுக்கு முதிரையும் பாலையும்தான் நம் பெரியவர்களின் மரங்கள். மண்ணுக்குள் நின்று உழைத்தவை. இன்று அவற்றை வேலிக்கு வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. காடு ஏற்கெனவே பட்டது போதும். காட்டு மரம் வெட்டவும் ஏற்றவும் அனுமதி இல்லாமல் முடியாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மலிவாக ஏற்றிவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொல்வது தேக்கு. அரச மரக்கூட்டுத்தாபன விற்பனை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். நடுகையில் நெருக்கத்தைக் குறைக்க வெட்டுகிற இளந்தேக்கு மலிவாக இருக்கும். ஆனால் அதில் வைரம் என்கிற நடுமரம் குறைவு, வெள்ளை என்கிற வெளிமரம் அதிகம். வெள்ளையைக் கறையான் இரண்டு மாரிக்குள் தின்றுவிடும். வெட்டுமுகத்தைப் பாருங்கள், மண்ணிறமான வைரம் பாதிக்கு மேல் இருக்கிற கம்பாகத் தெரிந்தெடுங்கள். தூண் எட்டு அடி நீளம், ஐந்தாறு அங்குல விட்டம். மூன்று அடி நிலத்துக்குள் போக வேண்டும். படலைத் தூணும் வளைவுத் தூணும் எட்டு அங்குலம்.

பலகைக்குப் பனை நல்லது என்று சொல்வார்கள். பலத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீவாத பனை முழுவதும் சிலாம்பு. குதிரையின் சொண்டிலும் மார்பிலும் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. பனை என்றால் நான்கு பக்கமும் சீவி, விளிம்பை மழுக்கித்தான் அடிக்க வேண்டும். தறிக்க அனுமதி வேண்டும் என்பதால் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். ஒரு ஆள் உங்களிடம் வந்து, தலையில்லாமல் நிற்கிற பனைகளை வைத்து முடிக்கலாம் என்று சொல்லக்கூடும். போரில் செல் குண்டு விழுந்து தலை போன பனை அது. உள்ளே சோறு அழுகிக் கோதாகியிருக்கும். சன்னமும் சிதறலும் ஏறியிருந்தால் அரிகிற வாளின் பல் உடையும், இரும்புத்துண்டு பலகையோடு வந்து குதிரைக்குப் பக்கத்தில் நிற்கும். அந்தப் பனைகளை நிற்க விடுங்கள்.

கடைசியாக நிறம். வைகாசிக்குப் பிறகு நம் பக்கம் புல்லும் காய்ந்து பலகையும் வெளிறி எல்லாம் ஒரே நிறமாகிவிடும். மேல் வரிக்கு மட்டும் சுண்ணாம்பு அடியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு குதிரையை விடுங்கள். முதல் நாள் கயிற்றில் பிடித்து வேலியோரம் இரண்டு சுற்று நடத்திக் காட்ட வேண்டும். இரவில் கொண்டுவந்து இறக்கி அவிழ்த்துவிட வேண்டாம். நுவரெலியாவிலிருந்து லொறி எப்படியும் இருட்டத்தான் வந்து சேரும், அன்றிரவு லாயத்தில் நிற்கட்டும்.

கேள்வி: தூணின் அடி உக்காமல் இருக்கக் கழிவு ஒயில் பூசலாமா? சிலர் குழி நிறையச் சீமெந்து போடச் சொல்கிறார்கள்.
(வாசகி, செட்டிகுளம்)

பதில்: கழிவு ஒயில் மாட்டுவேலியில் எல்லாரும் பூசுகிறதுதான். குதிரை வேலிக்கு வேண்டாம், பிள்ளை. குதிரைக்கு மரத்தைக் கடிக்கிற, நக்குகிற பழக்கம் உண்டு. எஞ்சினில் ஓடிக் கழிந்த ஒயிலில் ஈயம் முதலான உலோகங்கள் இருக்கும். மண்ணுக்குள் போகிற பாகத்துக்கு மட்டும், மரம் நன்றாகக் காய்ந்த பின், தார் பூசுங்கள். நிலமட்டத்துக்கு மேலே தார் வரக்கூடாது. பட்டையை உரித்துவிட்டுத்தான் எதையும் பூச வேண்டும். பட்டையோடு நட்ட கம்பு கறையானுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

அடியைச் சுட்டுக் கரியாக்கி நடுவது என் பாட்டனார் செய்தது. அவர் முதிரையையும் பாலையையும் நட்டவர் என்பதை மறக்கக் கூடாது. நின்றது மரத்தின் வைரத்தால்தான் என்று நினைக்கிறேன். வெள்ளை மரத்தைச் சுட்டு நட்டு நான் பார்த்திருக்கிறேன், கறையான் கரியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

சீமெந்தைப் பற்றி: குழி நிறையப் போட்டால் அது ஒரு கிண்ணம். மரம் காய்ந்து சுருங்கும்போது இடைவெளி விடும், மாரித்தண்ணீர் அதற்குள் இறங்கி நிற்கும், தூண் அடியோடு உக்கும். குழியின் அடியில் அரை அடிக்குக் கிறவல் போட்டு, தூணை நிறுத்தி, அரை அடி அரை அடியாக மண் போட்டு அலவாங்கின் மொட்டை முனையால் இடியுங்கள். அப்படி இடித்த தூண் சீமெந்து கேட்காது. தலையை மட்டமாக அறுக்காமல் சரிவாக அறுத்தால் மழைத்தண்ணீர் மேலே தங்காது. ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் இளகியதும் குழி வெட்டுகிற வேலையைத் தொடங்குங்கள். ஆடியில் தொடங்கினால் அலவாங்கு துள்ளும்.

கேள்வி: எங்கள் பக்கம் கறுத்தக் களிமண். எந்தத் தூண் நட்டாலும் ஒரு வருடத்தில் சாய்கிறது.
(வாசகர், முருங்கன்)

பதில்: அந்த மண் மாரியில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். தூணை அதுவே பிடித்து ஆட்டுகிறது. மூன்றரை அடி வெட்டுங்கள், வெட்டிய களியைத் திருப்பிப் போடாமல் கிறவலை நிரப்பி இடியுங்கள். எடுத்த மண்ணை வயலுக்குக் கொண்டுபோகலாம், நெல்லுக்கு அது தங்கம். வளைவிலும் படலையிலும் முட்டுக் கொடுங்கள். அந்த முட்டு வேலிக்கு வெளிப்பக்கம் நிற்க வேண்டும். உள்ளே நின்றால் குதிரையின் கால் அதற்குள் போகும். வருடத்தில் ஒருமுறை, மாசியில், தூண் தூணாக அசைத்துப் பார்த்து இடிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: வேலி போட்டு ஆறு மாதம்தான். மேல் பலகையைக் குதிரை அரித்து அரித்து அரைவாசியாக்கிவிட்டது. மிளகாய்த்தூள் கரைத்துப் பூசினேன், மழையில் போய்விட்டது.
(வாசகர், மாங்குளம்)

பதில்: பலகையை விட்டுவிட்டுத் தீனியைப் பாருங்கள். நாருள்ள தீனி குறைந்தால் குதிரை மரத்துக்குப் போகும். அதன் வயிறு நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று அமைந்தது. மாட்டைப் போல நிரப்பிவிட்டுப் படுத்து அசைபோடாது. காலையும் மாலையும் தவிடும் பிண்ணாக்கும் வைத்துவிட்டு இடையில் வெறுமனே நிறுத்தினால் அது என்ன செய்யும்? 250 கிலோ மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ உலர்ந்த புல்லாவது வேண்டும். பச்சையாகக் கொடுத்தால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. குளக்கட்டோரம் கினிப்புல் தாராளமாக நிற்கும், வெட்டிக் காயவைத்துக் கோடைக்குச் சேர்த்து வையுங்கள். வைக்கோல் இடைக்கிடை கலக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். உப்புக்கட்டி ஒன்று எப்போதும் கட்டித் தொங்கட்டும்.

குதிரை பலகையைத் தின்கிறதா அல்லது பல்லை அதில் ஊன்றிக் கழுத்தை வளைத்து ஒரு சத்தத்தோடு காற்றை இழுக்கிறதா என்று நின்று கவனியுங்கள். இரண்டாவது என்றால் அது தனிமையிலும் அடைபட்டும் கிடந்த குதிரைக்கு வரும் பழக்கம். தீனியால் மட்டும் போகாது. துணைக்கு ஒரு ஆட்டையாவது விட்டுப் பாருங்கள், மிருக வைத்தியரிடமும் காட்டுங்கள். அடித்துத் திருத்தலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

பலகையைக் காப்பாற்ற, மேல் வரிக்கு உட்புறமாகச் சூரிய மின்கலத்தில் இயங்கும் மின்வேலிக் கருவியின் நாடா ஒன்று இழுக்கலாம். அகலமான வெள்ளை நாடாவாக இருக்கட்டும்.

கேள்வி: யானைக்கு மரவேலி நிற்குமா?
(வாசகர், நெடுங்கேணி)

பதில்: நிற்காது. யானை வருகிற பாதையில் காணி இருந்தால் மேய்ச்சல் பகலில் மட்டும். இரவில் குதிரையை வீட்டோடு உள்ள லாயத்துக்குள் கட்டுங்கள், தவிட்டு மூட்டையையும் உப்பையும் வேலியோரம் வைக்காதீர்கள். சிலர் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுக்கிறார்கள். யானையும் சாகிறது, விடிய எழும்பிப் போகிற மனிசரும் சாகிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: மரத்தூண் வாங்கக் காசில்லை. கதியால் (உயிர்வேலிக் கம்பு) போட்டு வளர்த்து, அதில் பலகை அடிக்கலாமா?
(வாசகி, துணுக்காய்)

பதில்: அடிக்கலாம், தங்கச்சி, ஆனால் இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும். பூவரசு போடுங்கள். சீமைக்கிளுவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் நல்ல குழைதான், குதிரைக்கு நஞ்சு. வேலியில் அலரி இருந்தால், சிவப்போ வெள்ளையோ மஞ்சளோ, வேரோடு எடுத்துவிடுங்கள். சில இலைகளே ஒரு குதிரையைக் கொல்லப் போதும், காய்ந்த இலையும் அப்படித்தான். ஆமணக்கையும் விட வேண்டாம். பூவரசு மணிக்கட்டுத் தடிப்புக்கு வந்தாலும் அவசரப்பட்டு ஆணி அடிக்காதீர்கள். முழங்கைத் தடிப்பைத் தாண்டட்டும். அதுவரை குதிரையை நீளக் கயிற்றில் ஆள் நின்று மேயுங்கள்.

கேள்வி: வேலிக்குக் குழி வெட்டும்போது துருப்பிடித்த இரும்பு ஒன்று தட்டுப்பட்டது. மகன் அதை எடுத்து எறிந்துவிட்டு மிச்சக் குழிகளையும் வெட்டலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
(வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: அக்கா, உங்கள் பயம் சரியானது. அது போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கக்கூடும், மகன் அதைத் தொட வேண்டாம். அலவாங்கை வைத்துவிட்டு, போன காலடியிலேயே திரும்பி வரச் சொல்லுங்கள். வெளியில் நின்றபடி ஒரு தடியில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். பிறகு பொலிஸ் அவசர எண் 119க்கு அழைத்துச் சொல்லுங்கள், கிராம அலுவலரிடமும் அறிவியுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வெறும் தகரத் துண்டாகவும் இருக்கலாம், ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் அதைப் படித்தவர்கள்.

துண்டை அகற்றிய பிறகும் மிச்சக் குழிகளை உடனே வெட்ட வேண்டாம். காணி முழுவதையும் பார்க்க முடியுமா என்று வருகிறவர்களிடம் கேளுங்கள். மேய்ச்சல் என்றால் வேலிக்கோடு மட்டுமல்ல, உள்ளே ஒவ்வொரு அடியிலும் குளம்பு படும். சரி என்று சொல்லும்வரை குதிரை வீட்டு வளவுக்குள் நிற்கட்டும், புல்லை வெளியிலிருந்து அரிந்து கொண்டுவந்து போடுங்கள். இந்த மாரிக்குள் வேலி முடியாது என்று மகன் சொல்லக்கூடும். அடுத்த மாரிக்குப் போடலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.